கந்தப்புவுக்குச் செய்த கருமாதி

போன சரஸ்வதி பூசைக்கு நான் முன்பு படிப்பித்த பாடசாலைக்குப் போயிருந்தேன். புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கிற இளம் ஆசிரியர்கள் சிலர் அவல் தட்டோடு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"சேர், ஒரே ஒரு தமிழ்ப் பாடம் நடத்தி மலையையே நிப்பாட்டுனது நீங்கதானாமே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையை.

"செத்த ஆளே இல்லாத சாவுக்குத் தொரை பெட்டிப் பலகை அனுப்புனாராமே?" என்று கேட்டது இன்னொன்று.

இரண்டும் உண்மை. ஆனால் வாய்க்கு வாய் கதை மாறி வருகிறது. ஒரு கதையில் நான் வேலை நிறுத்தம் நடத்தினேனாம். இன்னொன்றில் செத்ததே நான்தானாம். ஆகவே பிள்ளையாரைச் சாட்சியாக வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். சாதாரண தரப் பரீட்சை பாஸானதும் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு நியமனம் கிடைத்து, விடுமுறைகளில் பயிற்சி முடித்தேன். அதிகம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தமிழ்ப் பாடம் எனக்குக் கைவந்த முறை ஒன்றுதான். நான் வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கருத்தைக் கரும்பலகையில் எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுதுவார்கள். முருகன் புண்ணியத்தில் அப்படியே பல வருடம் ஓடியது.

தொண்ணூறுகளின் கடைசியில் புதிய பாடத்திட்டம் வந்தது. கூடவே சிவநாதன் சேர் வந்தார்.

அவர் தமிழ்ப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர். யாழ்ப்பாணத்துக்காரர், கேகாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, மழையோ வெயிலோ கையில் குடை. நாற்காலியில் முதலில் கைக்குட்டையை விரிப்பார், அப்புறம்தான் உட்காருவார். குரல் உயர்த்த மாட்டார். சிரித்ததை நான் கண்டதில்லை. எதைச் சொன்னாலும் "நோக்கம் என்ன?" என்று கேட்பார். முதல் நாள் நான் மரியாதைக்கு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா சேர்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடிக்கலாம். நோக்கம் களை தீருறது" என்றார்.

அவர் சொல்லித் தந்த முறைக்கு வழிப்படுத்திய வாசிப்பு என்று பெயர். கதையை ஆசிரியர் வாசித்துக் காட்டக் கூடாது. வாசிக்க முன் தலைப்பை மட்டும் காட்டி, என்ன கதையாக இருக்கும் என்று கேட்க வேண்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக மெதுவாக வாசிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். பிள்ளை என்ன சொன்னாலும் "பிழை" என்று சொல்லக் கூடாது, "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்றுதான் கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்தை மடித்து ஊசி குத்திவிட வேண்டும். கடைசியில் பிள்ளைகள் தாங்கள் விரும்பிய வடிவத்தில், கடிதமாகவோ பாட்டாகவோ நாடகமாகவோ, கதைக்குப் பதில் செய்ய வேண்டும். அதன் பிறகு மதிப்பீடு. வகுப்பில் வாசிப்பு மூலை என்று ஒரு புத்தக அலுமாரியும் வேண்டும். அதற்குப் பலகை யார் தருவார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் வரும்போதெல்லாம், "வாசிப்பு மூலை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்.

அவர் தந்த கதை, கந்தப்பு என்ற யாழ்ப்பாணத்து மீனவரைப் பற்றியது. மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்குவதற்காக மேகம் கட்டிய மாலையில் கந்தப்பு கடலுக்குப் போகிறார். இரவாகிறது. ஆள் வரவில்லை. மனைவி அரிக்கன் விளக்கோடு கரையில் நிற்கிறாள். மடித்த கடைசிப் பக்கம் வரைக்கும் அவ்வளவுதான் கதை.

எங்கள் ஒன்பதாம் தரத்தில் கடலைக் கண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"சேர், கடல்னா கீழ ஆறு மாதிரியா?"

"அதைவிடப் பெரிசு."

"வெள்ளம் வந்த நேரத்து ஆறு மாதிரியா?"

"அதைவிடவும் பெரிசு."

சுரேஷ் என்ற பையன் எழுந்து, "கந்தப்புவுக்குக் கங்காணி யாரு சேர்?" என்றான்.

"மீனவருக்குக் கங்காணி கிடையாதுப்பா."

"அப்ப யாரு அவரை மழைக்குள்ள போகச் சொன்னது?"

அவராகவே போனார் என்றேன். வகுப்பே நம்பவில்லை. மழை இருட்டில் ஒரு மனிதன் தானாக வேலைக்குப் போவான் என்பதை அந்தப் பிள்ளைகளால் ஏற்க முடியவில்லை. எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். "வரியில இல்ல சேர். கங்காணி மறைஞ்சு நிக்கிறாரு" என்றான்.

அந்த வகுப்பில் பரமேஸ்வரி என்று ஒரு பிள்ளை இருந்தது. அப்பா முனியாண்டி, தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பவர். அம்மா லெட்சுமி கொழுந்துக்காரி. பிள்ளை நன்றாகப் பேசும், எழுதும். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து எழுப்பிவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். மணி அடிக்கும்வரை அப்படியே நிற்கும். நான் அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துப் பார்த்தேன். லெட்சுமி ஒருநாள் பாடசாலைக்கே வந்தாள்.

"மாஸ்டர், இவளுக்கு வாசிப்பு வரல. சும்மா வச்சிருந்து என்னா செய்ய? கொழும்புல ஒரு வீட்டுல பிள்ளை பாக்க ஆள் கேட்டிருக்காங்க. அடுத்த கெழமை அனுப்பிறப் போறேன்."

"கொஞ்சம் பொறும்மா. புது முறை வந்திருக்கு" என்றேன்.

"மொறை புதுசு. வாய் பழசுதானே மாஸ்டர்?" என்றாள்.

சிவநாதன் சேர் பாடம் பார்க்க வருகிற நாளில் பரமேஸ்வரி வாய் திறந்துவிட வேண்டும், அவரே ஒரு வார்த்தை சொன்னால் லெட்சுமி கேட்பாள் என்று எண்ணி, அன்று காலையில் சூடம் கொளுத்தி வேண்டிக்கொண்டேன். சாமி கேட்டுவிட்டார். எப்படிக் கேட்டார் என்பதுதான் விஷயம்.

பஸ் பிந்தியதால் சேர் நேரத்துக்கு வரவில்லை. நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். மடித்த பக்கத்தைத் திறக்காமலே, இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். பையன்கள், கந்தப்பு வந்துவிடுவார் என்றார்கள். பெண் பிள்ளைகள், அவர் செத்துவிட்டார் என்றார்கள். சரி, விரும்பிய வடிவத்தில் பதில் செய்யுங்கள் என்றேன். பையன்கள் நீலப் படங்கை, அதாவது தார்ப்பாயை, விரித்து ஆட்டிக் கடல் செய்தார்கள். பெண் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிவிட்டு, "சேர், நாங்க ஒப்பாரி வைக்கிறோம். பரமேஸ்வரி நல்லா வைப்பா" என்றார்கள்.

சும்மா இருக்கிற இடத்தில் ஒப்பாரி வைக்கலாமா? ஆனால் விரும்பிய வடிவம் என்று சொல்லிவிட்டேன். அதோடு பரமேஸ்வரி தானாக எழுந்து நிற்கிறாள். பிள்ளையார் படத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மெதுவாக வையுங்கள் என்றேன்.

மெதுவான ஒப்பாரி என்று ஒன்று உலகத்தில் இல்லை.

"கடலேறிப் போனீகளே, எங்கய்யா
கரையேற மறந்தீகளே
வெளக்கேத்தி நிக்கிறேனே, நானிந்த
வெளிச்சத்தை எங்க வைப்பேன்..."

மற்றப் பிள்ளைகள் வட்டமாகக் கட்டிப்பிடித்து மாரில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. கடலாக இருந்த பையன்கள்கூடப் படங்கை விட்டுவிட்டு அழுதார்கள்.

எங்கள் பாடசாலை மேட்டில் இருக்கிறது. எதிர் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிரையில் கேட்ட ஒப்பாரியை அடுத்த நிரை வாங்கிக்கொண்டது. அங்கிருந்து அடுத்த மலை. கீழே லயத்து வீட்டில் படுத்திருந்த முனியாண்டி எழுந்து தப்பைக் காய்ச்சி அடிக்கத் தொடங்கிவிட்டார். தப்புச் சத்தம் கேட்டதும் கங்காணி மலையைக் கலைத்தார். தலையில் கூடை தொங்கியபடியே பெண்கள் பாடசாலைக்கு ஓடி வந்தார்கள்.

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்குப் போனால் முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். யார் செத்தது என்று வாசலில் நின்று விசாரிப்பது பெரிய மரியாதைக் குறைவு. வந்தவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் அழுதார்கள். நான், "ஒண்ணும் இல்லம்மா, பாடம், பாடம்" என்று கத்தினேன். முத்தம்மா என்ற பென்சன் எடுத்த கொழுந்துக்காரி என் தலையைத் தன் தோளில் சாய்த்து, "அழுதுருங்க மாஸ்டர், அடக்கக் கூடாது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளை உடுப்போடு குடை பிடித்து மேலே ஏறி வந்தார் சிவநாதன் சேர்.

"என்ன நடக்குது இஞ்சை?"

முத்தம்மா அந்தப் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தாள். "ஐயா யாழ்ப்பாணமா?"

"ஓம்."

அதற்குள் ஒப்பாரியில் கந்தப்பு, கடல், யாழ்ப்பாணம் எல்லாம் வந்து முடிந்திருந்தது. பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். "ஐயா, ஒங்க தம்பி போயிட்டாரே..."

"எனக்குத் தம்பி இல்லை" என்றார் அவர்.

"தம்பியே இல்லைன்னு ஆயிருச்சே..." என்று ஒப்பாரி இன்னொரு கட்டை உயர்ந்தது.

"அம்மா, நான் பாடம் பாக்க வந்தனான்."

"மொகத்தைக்கூடப் பாக்க முடியலையே ஐயா..."

அவர் என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துப் படியில் விரித்தார். உட்கார்ந்தார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஆள் உட்கார்ந்துவிட்டார் என்றால் அவர்தான் உரிமைக்காரர்.

சந்தியில் கடை வைத்திருந்த சோமபால முதலாளியும் சீனிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். "கவுத மாஸ்டர் மெருனே?" என்று சிங்களத்தில் என் காதோடு கேட்டார். செத்தது யார் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். யாழ்ப்பாணத்து மனிதர், கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று சிங்களத்தில் சொல்லி, கதை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய மகன் அப்போது வடக்கில் பட்டாளத்தில் இருந்தான். "அனே பவ்" என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். கதைதான் என்று பிறகு சொன்னேன். தலையாட்டினார், ஆனால் சீனியைத் திருப்பி எடுக்கவில்லை.

தோட்டத்து டிராக்டரும் வந்தது. சாவு என்றால் பெட்டிக்குப் பலகை கொடுப்பது தோட்டத்து வழக்கம். தப்புச் சத்தம் கேட்டதும் தோட்டத்தை நடத்துகிற துரை அனுப்பிவிட்டாராம். பலகையை இறக்கிவிட்டு, "அளவு எத்தனை அடின்னு கேக்கச் சொன்னாங்க" என்றான் சாரதி.

அப்போதுதான் எல்லோரும் அமைதியானார்கள். நான் கதைப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். ஆள் கிடையாது, கதைதான், செயற்பாடுதான் என்றேன். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். முனியாண்டி தப்பை இறக்கி வைத்தார். லெட்சுமி சிரிக்கவில்லை.

முத்தம்மாவும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், எடுத்த ஒப்பாரி வெறுங்கையோட போகாது. செத்த ஆள் இல்லைன்னா அதுவே ஒரு ஆளைத் தேடும்" என்றாள்.

லெட்சுமி தன் மகளைப் பார்த்தாள். ஒப்பாரியை எடுத்தது அவள்தானே. "இந்த வெள்ளிக்கெழமையே கொழும்புக்கு அனுப்பிர்றேன். படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். புள்ள உசுரோட இருந்தாப் போதும்" என்றாள்.

வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்தாள். திறந்த வாயாலேயே படிப்புப் போகிறது.

தொழிற்சங்கத் தலைவர்தான் வழி சொன்னார். "சாவு கந்தப்பு பேர்ல விழுந்திருச்சு. அவருக்கே கருமாதி செஞ்சு முடிச்சிட்டா ஒப்பாரி வேற ஆளைத் தேடாதில்ல?"

முத்தம்மா யோசித்து, சரி என்றாள். ஒப்பாரி எடுத்தவள் பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரைக்கும் தோட்டத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னாள். லெட்சுமி அதற்குக் கட்டுப்பட்டாள். "அது முடிஞ்ச மறுநாள் போவா" என்றாள்.

"சரி, உரிமைக்காரர் யாரு?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் சிவநாதன் சேரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து கைக்குட்டையை மடித்தார். "இது பாடத்திட்டத்திலை இல்லை" என்றார். பிறகு பரமேஸ்வரியைப் பார்த்தார். "ஆனா ஒரு செயற்பாட்டைத் தொடங்கினா முடிக்கவேணும், மாஸ்டர். மதிப்பீடு இன்னும் நடக்கேல்லை. என்ன கிழமை வருது?" என்றார்.

சொன்ன நாளில் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் கருமாதி செய்கிற பண்டாரம் வாழை இலை போட்டு, எள்ளும் தர்ப்பையும் வைத்து, சோற்று உருண்டை பிடித்துவிட்டுக் கேட்டார்: "போனவர் எப்பிடிப் போனாரு? சொல்லிக் கேட்டுட்டுத்தான் பிண்டம் வைக்கணும்."

சிவநாதன் சேர் கதைப் பிரதியை நீட்டினார். "மாணவி வாசிக்கட்டும்."

"அவளுக்கு வாசிப்பு வராதுங்க" என்றாள் லெட்சுமி.

"வாசிக்கட்டும்" என்றார் அவர் மறுபடி, அதே குரலில்.

பரமேஸ்வரி எழுந்து நின்றாள். பேப்பரைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் நிற்பது போலவே நின்றாள். அவளைக் காப்பாற்ற அங்கே பாடசாலை மணியும் இல்லை. நான் முருகா முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர் அசையவில்லை. கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை.

ஒரு சொல் வந்தது. "கந்தப்பு..."

முத்தம்மா, ஒப்பாரிக்குப் பின்பாட்டுப் பாடுகிற பழக்கத்தில், "ம்ம்" என்றாள்.

"கந்தப்பு வானத்தைப் பார்த்தார்."

"ம்ம்... பாத்தாரு ராசா" என்றார்கள் பெண்கள்.

வகுப்பில் அவள் வாசிக்க நிற்கும்போது யாரும் "ம்ம்" கொட்டியதில்லை. நாங்கள் எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். இங்கே வரிக்கு வரி ஒரு "ம்ம்" வந்தது. அந்த "ம்ம்"மைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஊசி குத்திய கடைசிப் பக்கத்தைச் சேரே பிரித்துக் கொடுத்தார். கரையில் மனைவி நிற்கிறாள். தூரத்தில், தண்ணீரும் வானமும் சேர்கிற இடத்தில் ஒரு வெளிச்சம் அசைகிறது. அது படகு விளக்கா நட்சத்திரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் விளக்கை உயர்த்திப் பிடிக்கிறாள்.

பரமேஸ்வரி நிறுத்தினாள்.

"அப்பறம்?" என்றாள் முத்தம்மா.

"அவ்வளவுதான் ஆத்தா."

"செத்தாரா இல்லையா?"

"போடலை."

பண்டாரம் கையில் எடுத்த சோற்று உருண்டையைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு நான் பிண்டம் வைக்க மாட்டேன். பாவம் யாரு சொமக்கிறது?"

அப்புறம் நடந்ததை நான் என்னவென்று சொல்வேன். அந்த ஆற்றங்கரையே வகுப்பாகிவிட்டது. "தப்பு அடிச்சாச்சு, செத்ததுதான்" என்று முனியாண்டி பிடிவாதமாக நின்றார். "நட்சத்திரம் அசையுமாய்யா? வெளக்குத்தான் அசையும், படகுதான் வருது" என்றார் தலைவர். "மேகம் கட்டியிருக்குன்னு மொதல்லயே வந்துச்சே, அப்ப நட்சத்திரம் எப்பிடித் தெரியும்?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். சிவநாதன் சேர் முகம் சிவந்து, "எந்த வரி? எந்த வரியிலை?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே நடந்தார். கேட்ட இடத்தையெல்லாம் பரமேஸ்வரி மறுபடி மறுபடி வாசிக்க வேண்டி வந்தது. தொண்டை கட்டும்வரை வாசித்தாள். அவள் வாசிக்கிறாள் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சோமபால முதலாளி ஓரமாக நின்றிருந்தார். கடைசிப் பக்கத்தை அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். "எனவா" என்றார். வருகிறார் என்று அர்த்தம். எந்த வரி என்று அவரிடம் மட்டும் சேர் கேட்கவில்லை.

முடிவில் கருமாதியை நிறுத்திவிட்டு, கந்தப்பு பத்திரமாகக் கரை சேரக் கோயிலில் அர்ச்சனை செய்வது என்று தீர்ந்தது. பூசாரி ராசி நட்சத்திரம் கேட்க, "நட்சத்திரமா விளக்கா எண்டதுதான் பிரச்சினையே" என்றார் சிவநாதன் சேர். அவர் வாயில் நான் கேட்ட ஒரே பகிடி அதுதான். அப்போதும் சிரிக்கவில்லை. பெட்டிப் பலகையைத் திருப்பி அனுப்பினால் வேறு ஆளுக்கு வரும் என்று முத்தம்மா தடுத்துவிட்டாள். அதில்தான் எங்கள் வாசிப்பு மூலை அலுமாரி செய்யப்பட்டது. இன்றைக்கும் இருக்கிறது. நல்ல பலகை.

ஒப்பாரி என்ன ஆகும் என்று தலைவர் கேட்டதற்கு, "அந்தப் பொம்பளைகூடக் கரையில நிக்கும். அந்த மனுசன் வர்ற வரைக்கும் வேற எங்கயும் போகாது" என்றாள் முத்தம்மா.

எல்லோரும் கலைந்த பிறகு லெட்சுமி என்னிடம் வந்தாள். கொழும்புக்கு மறுநாள் போவதாகப் பேச்சு.

"மாஸ்டர், அந்த மனுசன் வந்தாரா இல்லையான்னு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு?"

"படிச்சாத்தான்மா தெரியும்" என்றேன். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும்.

"அப்ப அவளே படிச்சுச் சொல்லட்டும். இதைத் தெரிஞ்சுக்காம புள்ளையை எப்பிடி அனுப்புறது? எனக்குத் தூக்கம் வருமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் பத்தாம் தரப் புத்தகம் வந்த அன்றே, மலைக்குப் போகிற வழியில் லெட்சுமி வகுப்பு வாசலில் நின்றாள். "வந்துட்டாரா மாஸ்டர்?" இன்னும் முழுக்கப் படிக்கவில்லை என்றேன். "சரி, படிங்க" என்றாள். பதினோராம் தரத்திலும் அப்படியே வந்தாள், அப்படியே போனாள்.

பரமேஸ்வரி சாதாரண தரம் பாஸாகி, உயர்தரம் படிக்க இரத்தினபுரிக்குப் போன அன்று நானும் சந்திக்குப் போயிருந்தேன். சோமபால முதலாளி கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி மகளின் பையை பஸ்ஸில் ஏற்றினாள். நெற்றியில் திருநீறு பூசினாள். பஸ் நகரத் தொடங்கியதும் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அங்க பெரிய பெரிய பொஸ்தகம் இருக்குமாம்டி. போன ஒடனே பாரு. கரை ஏறிட்டாருன்னா அந்தப் பொம்பளை வெளக்கை எறக்கிறலாம். கை வலிக்கும்ல."